சர்வேயர் வீட்டுத் தர்ட் பார்ட்டி

இங்கிலீஷ்காரனுக்கு எதையும் வரிசையில் நிறுத்தி எண் போட்டால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது. அடிபட்டால் ஃபர்ஸ்ட் எய்ட். டாக்டர் சொன்னதில் சந்தேகம் வந்தால் செகண்ட் ஒப்பீனியன். ஒருத்தர் ஓட்டி அலுத்துப்போன காரை வாங்கினால் செகண்ட் ஹேண்ட். வேலை கேட்டுப் போனால் ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன். நாம் மட்டும் சளைத்தவர்களா என்ன? அத்தனையையும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, என்னவோ நம் பாட்டன் சொத்து மாதிரி புழங்கிக்கொண்டிருக்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் இந்த எண்களை நம்பி ஒரு மனிதர் குடும்பமே நடத்தினார் என்றால், அது நம் சர்வேயர் ஒருவர்தான்.

சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவர் இல்லை. ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்காக, மோதிக்கொண்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து, எது எப்படி நசுங்கியது, யார்மேல் தப்பு என்று கண்டுபிடித்துச் சொல்கிறவர். அவருடைய உலகத்தில் மொத்தம் மூன்றே ஜாதிதான். வண்டிக்குச் சொந்தக்காரர் ஃபர்ஸ்ட் பார்ட்டி. காப்பீடு கொடுத்த கம்பெனி செகண்ட் பார்ட்டி. எதிரே வந்த ஸ்கூட்டர்காரர், ஓரமாக நடந்துபோனவர், இடிபட்ட சுவருக்குச் சொந்தக்காரர் என்று மிச்சமிருக்கிற மனித குலம் மொத்தமும் தர்ட் பார்ட்டி. நசுங்கிய கதவை ஒரு தடவை தடவிப் பார்த்தால் போதும், இடித்தது லாரியா வேனா, எந்த வேகம், ஓட்டினவர் பிரேக்கை மிதித்தாரா இல்லையா என்று ஜாதகம் மாதிரி சொல்லிவிடுவார். தொழிலில் அவரை அசைக்க ஆளில்லை.

தொழிலைத் தொழிலோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. வீட்டில் கண்ணாடி டம்ளர் ஒன்று உடைந்தால், மற்ற வீடுகளில் துடைப்பத்தைத் தேடுவார்கள். சர்வேயர் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, "டம்ளர் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு? உன் முழங்கை நின்னுட்டிருந்துச்சா, நகர்ந்துட்டிருந்துச்சா?" என்று மகளை விசாரிப்பார். அப்போது மகள் பள்ளிக்கூடம் போகிற குழந்தை. "அப்பா, நான் ஃபர்ஸ்ட் பார்ட்டியா, தர்ட் பார்ட்டியா?" என்று அழுதுகொண்டே கேட்குமாம்.

இதைவிடப் பெரிய வியாதி ஒன்றும் அவரிடம் இருந்தது. எங்கேயாவது இடித்துவிட்டால், இடித்த இடத்தில் வாயைத் திறந்து ஸாரி சொல்லிவிடாதீர்கள் என்று அவர் வாடிக்கையாளர்களுக்கு ஓதி ஓதிப் பழகியிருந்தார். ஸாரி என்றால் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். எதிராளி அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவான். பேச்சு நியாயம்தான், நடுரோட்டில். இவர் அதை நடுவீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து மனைவி கேட்டதில்லை. ஒரு முறை வெள்ளைப் படுக்கை விரிப்புகளோடு தன் சிவப்புச் சட்டையையும் சேர்த்து மெஷினில் போட்டு, எல்லாவற்றையும் இளஞ்சிவப்பாக்கி எடுத்தார். எடுத்துவிட்டு, "உள்ள துணிகளுக்கு நடுவுல ஏதோ சம்பவம் நடந்திருக்கு" என்றார். மனைவி சிரித்தாள். அது இளவயது. வயது ஏற ஏறச் சிரிப்பு குறைந்தது.

அந்த அம்மாள் கேக் செய்கிறவள். அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் பிறந்தநாளுக்கு என்று தொடங்கியது, கைப்பக்குவம் வாயோடு வாயாகப் பரவி, கடைசியில் ஒரு கல்யாண விருந்துக்கே ஆர்டர் வந்துவிட்டது. மூன்று அடுக்கு வெள்ளை கேக். அவளுக்கு அதுதான் ஃபர்ஸ்ட் பெரிய ஆர்டர். சர்க்கரையில் ரோஜா இதழ் செய்வதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு மேசையே கதியென்று கிடந்தாள். அந்தப் பக்கம் யாராவது தும்மினால்கூடத் தொலைந்தார்கள். சர்வேயர் தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்த் தும்மிவிட்டு வந்தார். அந்த மட்டில் நல்ல மனிதர்தான்.

விருந்து நாளன்று கேக்கைப் பெரிய அட்டைப்பெட்டியில் வைத்து, நாடாவால் கட்டி, காரின் பின்சீட்டில் ஏற்றினார்கள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டாள். சர்வேயர் ஆடாமல் அசையாமல் ஓட்டிவந்தார். பாதிக்குமேல் வந்தாயிற்று. அப்புறம் எங்கிருந்தோ ஒரு வேகத்தடை முளைத்தது. அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. பார்த்த நொடியில் பிரேக்கின்மேல் ஏறி நின்றார். வண்டி ஒரு குதி குதித்து, முன்பக்கம் தரையில் உரசி நின்றது. பின்னால் 'சொத்' என்று ஒரு சத்தம்.

சர்வேயர் இறங்கினார். நேராக முன்பக்கம் போய்க் குனிந்து பம்பரைத் தடவினார். ஒரு கீறல், அவ்வளவுதான். அப்புறம் பின்கதவைத் திறந்து பெட்டியின் மூடியைத் தூக்கினார். அடியில் இருந்த அடுக்கு பிழைத்துக்கொண்டது. அதன்மேல் இருந்தது பாதி தப்பித்தது. உச்சியில் இருந்தது பெட்டியின் சுவரில் அப்பிக்கொண்டு, ரோஜாக்கள் எல்லாம் ஒரு மூலையில் போய்ச் சொருகிக்கொண்டிருந்தன. அப்புறம் பின்னால் வந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். தன் வண்டியின் பின்புறத்தை அவர் தொட்டிருக்கிறாரா என்று சர்வேயர் அதையும் சுற்றிவந்து பார்த்தார். தொடவில்லை. மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, பேச்சு கொடுக்காமல் வண்டியை எடுத்தார்.

விருந்து மண்டபத்தின் வாசலில் மணப்பெண்ணின் தாயார் நின்றிருந்தார். மனைவி கண்ணில் நீர் தளும்ப, "ஸாரிங்க, ரொம்ப ஸாரிங்க" என்று தொடங்கியதும், சர்வேயருக்கு உள்ளே ஏதோ மணி அடித்துவிட்டது. இடித்த இடத்தில் ஸாரியா! குறுக்கே பாய்ந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம். வண்டி ஓட்டினதுல எந்தக் குறையும் இல்ல. லோடு சரியா கட்டப்படல. அதான் காரணம்."

கட்டியது யார்? மனைவி. அவள் நின்றுகொண்டே, இடது கையாலேயே, பிழைத்த அடுக்கில் க்ரீமைத் தடவிச் சரிசெய்து, கசங்காத இதழ்களைப் பொறுக்கி வைத்துக் கொடுத்தாள். அந்தத் தாயார் பெரிய மனசுக்காரி, ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வீடு வந்து சேரும்வரை மனைவியும் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டின்போதும் பேசவில்லை. மறுநாள் காலையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு, நான்கு தெரு தள்ளியிருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மகள் போன் போட்டுக் கேட்டதற்கு, "அவர் தப்ப ஒத்துக்கட்டும், வரேன். அதுவரைக்கும் வரமாட்டேன். புதுசா ஆர்டரும் எடுக்கல, யாராவது கேட்டா சொல்லிடு" என்றாள்.

முதலில் சர்வேயர் மிடுக்காகத்தான் இருந்தார். "கோவம் தணிஞ்சா வருவா" என்றார். கோபம் தணிகிற வழியாகத் தெரியவில்லை. வீட்டில் வெண்ணெய் வாசனை போயிற்று. ஃப்ரிட்ஜைத் திறந்தால், மிச்சமான க்ரீம் ஒரு கிண்ணத்தில் மூடிவைத்தபடி இருந்தது. அதைத் தின்னவும் மனசு வரவில்லை, கொட்டவும் மனசு வரவில்லை. வெளியே போய்த் தும்முவதற்குக் காரணமில்லாமல் வீட்டுக்குள்ளேயே தும்மினார். அது அவருக்குச் சகிக்கவில்லை. அவள் இல்லாத வீட்டில் தன்னால் இருக்கமுடியாது என்பது அந்தத் தும்மலில்தான் அவருக்குப் புரிந்தது. மகளைக் கூப்பிட்டார்.

மகளுக்கு இப்போது ஒரு இன்டர்நெட் கம்பெனியின் கஸ்டமர் கேரில் வேலை. வீட்டில் இருந்தபடியே காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஊரில் எவன் வீட்டு ஒயரை எலி கடித்தாலும் தான் ஸாரி சொல்வது அவள் உத்தியோகம். அப்பா செய்த தப்புக்கே வாய் திறக்காதவர். மகள் செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள். ஒரே வீட்டில் இப்படி.

"உக்காருங்கப்பா. சொல்லித் தரேன்" என்றாள் மகள். "ஃபர்ஸ்ட் ஸ்டெப், கஸ்டமர் பேசும்போது குறுக்க பேசக்கூடாது."

"உங்கம்மா கஸ்டமரா?"

"இப்போதைக்குக் கனெக்ஷனே வேண்டாம்னு போயிட்ட கஸ்டமர். செகண்ட் ஸ்டெப், அவங்க கஷ்டம் நமக்குப் புரிஞ்சுதுன்னு காட்டணும். தர்ட் ஸ்டெப், ஸாரி."

"நேரா தர்டுக்குப் போயிட்டா என்ன? சட்டுனு முடிஞ்சுடுமே."

"அதுவே உங்களுக்கு வராது. எங்க, சொல்லுங்க பாக்கலாம்."

சர்வேயர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார். "அன்னைக்கு நடந்த சம்பவத்துல கேக்குக்கு ஏற்பட்ட சேதம் வருந்தத்தக்கது."

"யாரு வருந்துறாங்க?"

"பொதுவா."

"பொதுவா யாரும் வருந்தலப்பா. கேக் சாப்பிடாத பாதி ஊரு சந்தோஷமா இருக்கு. 'நான்'னு ஆரம்பிங்க."

"நான்..."

"ம்."

"நான் ஓட்டிட்டு வந்த வாகனம்..."

"ஐயோ, வாகனத்த விடுங்களேன்!" மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "வாகனம் வந்து சமைச்சுப் போடுமா உங்களுக்கு? என்கிட்ட கத்துற கஸ்டமர்ல முக்காவாசிப் பேரு உங்கள மாதிரி ஒரு ஆளோட வாழ்ந்துட்டுத்தான் கத்துறாங்கன்னு நினைக்கிறேன்."

"இதோ பாரும்மா. தப்பு என்மேலதான்னு இன்னும் நிரூபிக்கப்படல. ஸ்பாட்ட பாக்காம, விசாரிக்காம, நான் யார்மேலயும் தப்பு சொன்னது கிடையாது. என் மேல மட்டும் எப்படிச் சொல்றது?"

"அப்ப போய் விசாரிங்க. வழியக் காணோம்னா சொல்லுங்க, மேப் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு வேறு யாரிடமோ ஸாரி சொல்லப் போய்விட்டாள்.

சர்வேயர் மறுநாள் காலையில் டேப்பும் சாக்பீஸுமாகக் கிளம்பிப் போனார். வேகத்தடையில் வர்ணம் மங்கியிருக்கும், எச்சரிக்கைப் பலகை இருக்காது, அல்லது ஏதாவது மரக்கிளை அதை மறைத்திருக்கும் என்று அவருக்கு ஒரு நப்பாசை. போய்ப் பார்த்தால், அந்த ஊரிலேயே அவ்வளவு லட்சணமான வேறொரு வேகத்தடை இருக்காது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக அடித்து, முன்கூட்டியே ஒரு பலகை, பத்தாததற்கு மினுக்கிக்கொண்டே இருக்கும் ஒரு விளக்கு. கண் தெரியாதவர்கூடத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பின்னே தனக்கு ஏன் தெரியவில்லை?

தான் வந்த பாதையில் நடந்து வந்து பார்த்தார். நடக்கும்போதே கழுத்து தானாக இடது பக்கம் திரும்பியது. அங்கே ஒரு கார் ஒர்க் ஷாப். வாசலில் ஒரு வெள்ளைக் கார், பக்கவாட்டுக் கதவுகள் இரண்டும் உள்வாங்கி, கண்ணாடி தொங்க நின்றிருந்தது. ஆஹா! பக்கவாட்டில் நேராக வாங்கிய அடியா, பின்னால் வாங்கிச் சுழன்று கம்பத்தில் சாய்ந்த அடியா? கதவின் மேல்விளிம்பு வளைந்த விதத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான். சர்வேயர் தன்னை மறந்து, ரோட்டைக் கடந்துபோய்க் கதவைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், வண்டி எடுக்க வந்தீங்களா?" என்றார் மெக்கானிக்.

"இல்ல, சும்மா. இது எப்பலேர்ந்து இங்க நிக்குது?"

"நிக்குதே, ரொம்ப நாளா. பார்ட்ஸ் வரல."

சர்வேயரின் கை அப்படியே நின்றது. அன்றைக்கும் இந்த வண்டி இங்கேதான் நின்றிருக்கிறது. அன்றைக்கும் இதே கழுத்து இதே பக்கம் திரும்பியிருக்கிறது. நேரான அடியா, சுழன்ற அடியா என்று யோசித்துக்கொண்டே வேகத்தடைமேல் ஏறியிருக்கிறார். பின்சீட்டில் பெண்டாட்டி பிள்ளைத்தாச்சி மாதிரி கேக்கைத் தாங்கிக்கொண்டு வர, இவர் யாரோ ஒருவனுடைய கதவை ரசித்துக்கொண்டு போயிருக்கிறார். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. மெக்கானிக் கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

ஒன்று சொல்லவேண்டும். சர்வேயர் தன் தொழிலில் யாருக்காகவும் தப்பை நகர்த்தி எழுதியதில்லை. மேலதிகாரியின் மச்சினன் குடிபோதையில் தபால்பெட்டியை இடித்தபோதும், தபால்பெட்டி குறுக்கே வந்தது என்று எழுத மறுத்தவர். அதனால் பதவி உயர்வு ஒன்று போனது. அப்படிப்பட்டவர் தனக்கு மட்டும் சலுகை காட்டிக்கொள்வாரா? டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு நேராக மைத்துனி வீட்டுக்கு வண்டியை விட்டார். அந்தத் தெரு குறுகல். அவசரத்தில் வண்டியின் பின்பாதி தெருவில் நீட்டிக்கொண்டிருக்க, அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார்.

கூடத்தில் சகலை உட்கார்ந்திருந்தார். சகலை பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். விடுமுறை நாளில் கால்பந்து ஆட்டங்களுக்கு ரெஃப்ரி. கழுத்தில் விசில் தொங்காமல் அவரை அவர் பெண்டாட்டிகூடப் பார்த்திருக்கமாட்டாள். சர்வேயர் உள்ளே நுழைந்ததும் உற்சாகமாகிவிட்டார்.

"வாங்க சகலை! வருவீங்கன்னு தெரியும். ஃபர்ஸ்ட் ஹாஃப்ல ரெண்டு டீமும் கோல் போடல. இப்ப செகண்ட் ஹாஃப். நீங்க இந்தப் பக்கம், அவ அந்தப் பக்கம். ஃபவுல் ஆட்டம் கூடாது."

"நீங்க முதல்ல அந்த விசிலக் கழட்டிவைங்க" என்றாள் அக்கா, காபித் தட்டோடு வந்தபடி. அவளுக்குப் பின்னால் மனைவி வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். காபியை இடது கையால் எடுத்துக்கொண்டாள். சர்வேயரைப் பார்க்கவில்லை.

சர்வேயர் எழுந்து நின்றார். மகள் சொல்லிக்கொடுத்த மூன்று ஸ்டெப்பும் வழியிலேயே எங்கேயோ விழுந்துவிட்டிருந்தன. தெரிந்த ஒரே பாஷையில் ஆரம்பித்தார்.

"ஸ்பாட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வரேன். ஸ்பீட் பிரேக்கர் நல்லாவே தெரியுது. போர்டு இருக்கு, லைட்டும் இருக்கு. ஓட்டினவரோட கவனம் லெஃப்ட் சைடுல ஒர்க் ஷாப்ல நின்ன ஒரு டேமேஜ் வண்டி மேல இருந்திருக்கு. லோடு கட்டினதுல எந்தக் குறையும் இல்ல. கட்டலன்னா அடி அடுக்குகூட மிஞ்சியிருக்காது. ஆகையால முழுத் தப்பும் ஃபர்ஸ்ட் பார்ட்டி மேல." காபியை ஒரு வாய் குடித்தார். "அதாவது, என்மேல. அந்த அம்மாகிட்ட உன்னக் கைகாட்டினது அதவிடப் பெரிய தப்பு. ஸாரி."

வந்துவிட்டது. அப்புறம் சகலை தன்னையறியாமல் விசிலை ஊதிவிட்டார். "கோல்!" அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். சர்வேயர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இவ்வளவு சுலபமா இது, இத்தனை வருஷம் இதற்கா பயந்தோம் என்று அவருக்கு ஒரு பெருமிதம்கூட வந்தது.

மனைவி காபியைக் கீழே வைத்தாள். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. பையை எடுத்துக்கோ, போலாம்."

"இருங்க. நீங்க ஃபர்ஸ்ட் பார்ட்டி."

"ஆமா."

"உங்க கம்பெனி செகண்ட் பார்ட்டி."

"ஆமா."

"அப்ப நான் எந்தப் பார்ட்டி?"

அந்த இடத்தில் ஒரு பூனைக்குட்டி இருந்திருந்தால்கூட ஆபத்தை மோப்பம் பிடித்து வெளியே ஓடியிருக்கும். சர்வேயர் முகம் மலர்ந்தார். தொழில்பற்றி மனைவி கேட்கிற கேள்வி!

"நல்ல கேள்வி. இத நிறைய பேரு தப்பாதான் புரிஞ்சுவச்சிருக்காங்க. சொந்தக் கார்ல சும்மா கூட வர்றவங்க தர்ட் பார்ட்டின்னு நினைச்சுடறாங்க. கிடையாது. நம்ம பாலிசிப்படி அவங்க எந்தப் பார்ட்டியிலயும் சேர்த்தி இல்ல. அவங்களுக்குன்னு தனியா கேட்டு எடுக்கணும்."

"எடுத்தீங்களா?"

"எடுக்கல."

சகலை விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "செல்ஃப் கோல்" என்று முணுமுணுத்தார்.

மனைவி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் சர்வேயருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "வண்டி நின்னதும் நீங்க முதல்ல எதப் பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சர்வேயர் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "பம்பர."

"ரெண்டாவது?"

"கேக்க."

"மூணாவது?"

"பின்னாடி வந்தவன் இடிச்சிருக்கானான்னு..." சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"நாலாவதா என்னப் பாப்பீங்கன்னு உக்காந்திருந்தேன். அதுக்குள்ள வண்டிய எடுத்துட்டீங்க." அவள் வலது கையின் சட்டையை மெல்ல மேலே ஏற்றினாள். "சரி, மண்டபத்துல பாப்பீங்கன்னு பாத்தேன். வீட்டுக்கு வந்தப்புறம் பாப்பீங்கன்னு பாத்தேன். ராத்திரி இடது கையால சாப்பிட்டேனே, அப்பவாவது கேப்பீங்கன்னு பாத்தேன். காலைல வரைக்கும் பாத்துட்டுத்தான் பையத் தூக்கினேன். கேக் போனா இன்னொரு கேக் செஞ்சுப்பேன். அதுக்காகவா நான் இங்க வந்து உக்காந்திருக்கேன்?"

முழங்கைக்கு மேலே பெரிதாக ஒரு கன்றிப்போன தடம். பெட்டி சரியாமல் இருக்கக் குறுக்கே கையைக் கொடுத்திருக்கிறாள். கை, கதவுக்கும் கேக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் இன்னும் கருநீலம், ஓரமெல்லாம் மஞ்சள் ஏறிவிட்டது. எவ்வளவு பழைய அடி என்று சொல்ல சர்வேயர் தேவையில்லை. ஊரில் இருக்கிற நசுங்கல் எல்லாம் தெரிந்த மனிதருக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவளின் கை தெரியவில்லை.

"அடிப்பாவி, எங்ககிட்டகூட ஒண்ணுமே சொல்லலியே. சுளுக்கு, ஒண்ணுமில்லன்னியே" என்று அக்கா பதறினாள்.

அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம் கேட்டது. தகரத்தை நகத்தால் கீறுகிற மாதிரி நீளமாக ஒரு இழுப்பு, அதைத் தொடர்ந்து ஒரு 'டம்'. யாரோ கத்தினார்கள். சகலை ஜன்னலுக்கு ஓடினார்.

"சகலை! உங்க வண்டி! தண்ணி லாரிக்காரன் பின்கதவுலேர்ந்து லைட் வரைக்கும் இழுத்துட்டான்! எறங்கிப் பாக்கறான், ஓடிடப் போறான். வாங்க, சீக்கிரம் வாங்க!"

சர்வேயர் எழுந்தார். எழுந்தவர் வாசல் பக்கம் திரும்பவில்லை. சோபாவுக்குக் கீழே, மனைவியின் காலடியில், டம்ளர் உடைந்தால் உட்கார்வதுபோலக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவள் கையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எங்கே தொட்டால் என்ன ஆகுமோ என்று தெரியாமல், தடத்தின்மேல் விரல் படாமல் பிடித்துக்கொண்டார்.

"போய்ப் பாருங்க. லாரிக்காரன் போயிடப் போறான்" என்றாள் மனைவி.

"போகட்டும்."

"சகலை, நம்பராவது எழுதட்டுமா?" என்று ஜன்னலிலிருந்து கேட்டார் ரெஃப்ரி.

"நீங்க இங்க வாங்க" என்று அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

சர்வேயர் எதிலும் கலந்துகொள்ளவில்லை. அவருக்குக் கண் கலங்கி, அந்த நீலமும் மஞ்சளும் ஒன்றாகத் தெரிந்தன. "மன்னிச்சுடும்மா" என்றார். இது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. "வலிக்குதா?"

அத்தனை நாளாக அக்காவிடமும் மகளிடமும் கண்ணாடியிடமும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லிவந்தவள், அதைக் கேட்டதும் சின்னப் பெண் மாதிரி உதட்டைப் பிதுக்கினாள்.

"வலிக்குது" என்றாள்.